கவ்வாக் குடையும் மேசை மணியும்

மார்ச் 3, திங்கள்

நூலகத்தில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்றைக்கு அதை எடுத்து எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான். இந்த வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்க முடிகிற இடம் இது மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் பெயர் பரஞ்சோதி. மதுரையில் 'சொல்மாரி' பரஞ்சோதி என்றால்தான் தெரியும். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு முழுநேரப் பட்டிமன்றப் பேச்சாளர். அதற்கு முன்னால் பகுதிநேரம். வீட்டில் எப்போதுமே முழுநேரம். நான் அங்கயற்கண்ணி, இவருக்குக் கயலு; நூலகர். பகலெல்லாம் 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மாரி பிடித்துக்கொள்ளும்.

சனிக்கிழமை திண்டுக்கல்லில் பட்டிமன்றம். 'வீடு சிறக்கப் பெரிதும் வேண்டியது பொறுமையா, பேச்சா?' என்று தலைப்பு. இவர் எந்த அணி என்று சொல்லவா வேண்டும். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இடது தோளில் பிடித்து நெஞ்சு வரைக்கும் இறுக்கியிருக்கிறது. சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. மனிதர் நிறுத்தவில்லை. நடுவர் மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. கைதட்டல் வாங்கிக்கொண்டுதான் மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, "கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு" என்றாராம்.

இன்று ஆஞ்சியோ பார்த்தார்கள். மூன்று இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்கிற மாதிரி இல்லையாம், பைபாஸ்தான்.

"மூணு அடைப்பு, கயலு. அணிக்கு மூணு பேருங்கிற மாதிரி கரெக்டா வந்திருக்கு பாரு" என்றார், படுத்தபடியே. நர்ஸ் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அரைத்த மாவை வெளியிலேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்து, அது பொங்கி வழிந்திருக்குமே என்று இருந்தது. வழிந்துதான் இருந்தது.

மார்ச் 5, புதன்

அறுவை சிகிச்சை செய்யப்போகிற டாக்டர் ஷாநவாஸைப் பார்த்தோம். ஆளும் ஒல்லி, குரலும் ஒல்லி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

ஒரு தாளில் இதயம் வரைந்தார். மாம்பழம் மாதிரிதான் வந்தது. "காலிலேருந்து ரத்தக்குழாய் எடுத்து, அடைப்பைத் தாண்டி ஒட்டுப் போடுவோம். அதோட ஒரு முனையை, இதயத்துலேருந்து மேல கிளம்புற பெரிய குழாய்ல தைக்கணும். தைக்க ஓட்டை போடணும். ஓட்டை போட்டா ரத்தம் பீச்சி அடிக்கும். அதனால அந்தப் பக்கத்தை மட்டும் க்ளாம்ப் போட்டு ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தைப்போம். வழக்கமா அப்படித்தான்."

"இவருக்கு வழக்கமா செய்ய முடியாதா?" என்று கேட்டேன்.

"ஸ்கேன்ல அந்தப் பெரிய குழாயோட உள்சுவர்ல அங்கங்க சுண்ணாம்பு படிஞ்சிருக்கும்மா. க்ளாம்ப் போட்டு நெரிச்சா பெயர்ந்து வரும். ஒரு துணுக்கு ரத்தத்தோட மேல போச்சுன்னா, நேரா மூளைக்கு."

என் வீட்டுக்காரர் தம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சுருக்கமாகப் பேசினார். "பக்கவாதமா?"

"ஆமா சார். கை கால் விழலாம். பேச்சு போகலாம்."

"கை கால் பரவால்ல" என்றார் இவர்.

டாக்டர் அதற்குச் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, க்ளாம்ப் போடாமலே தைக்கிற வழி ஒன்று இருக்கிறது, ஸ்கேனை இன்னொரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், சனிக்கிழமை வாருங்கள் என்றார்.

வரும் வழியில் குக்கருக்கு காஸ்கெட் வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், மறந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே மூடியோரம் கசிகிறது. பருப்பு வேகிறதே இல்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று காலை அவர் பேசவே இல்லை, நிம்மதியாகப் பேப்பர் படித்தேன். என்ன படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மார்ச் 7, வெள்ளி

ஃபோனில் இடமில்லை என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. எப்படி இருக்கும்? எல்லாம் இவர் அனுப்பிய குரல் பதிவுகள். எதையும் எழுதி அனுப்ப மாட்டார். 'கயலு, தேனி பஸ் ஏறிட்டேன், முன் சீட்டுல ஒருத்தர் ஆட்டுக்குட்டியோட உக்காந்திருக்காரு, அது என்னையே பாக்குது' என்று ஆரம்பித்தால் ஆட்டுக்குட்டி இறங்குகிற வரைக்கும் போகும். எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்காமல் அழிக்கக் கூடாதே, ஏதாவது முக்கியமானது இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

முக்கியமானது ஒன்றுமில்லை. ஆனாலும் அழிக்கவில்லை. என் ஃபோனில் இருந்த புகைப்படங்களை அழித்து இடம் பண்ணிக்கொண்டேன்.

மகள் பூங்கொடி ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டாள். லேப்டாப்போடு வருகிறாளாம். "அப்பா பக்கத்துல உக்காந்து வேலை பாத்துக்கறேம்மா" என்கிறாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து யார் வேலை பார்த்திருக்கிறார்கள்!

மார்ச் 8, சனி

டாக்டர் ஷாநவாஸ் மேசையில் சின்னதாக ஒன்றைக் காட்டினார். பேனாவைவிடக் கொஞ்சம் தடியான குழல். அதன் நுனியிலிருந்து சுருட்டி வைத்த ஒன்று வெளியே வந்து குடையாக விரிந்தது. விரிந்தால் ஒரு சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும்.

"பெரிய குழாய்ல வட்டமா ஒரு ஓட்டை போட்டதும் இதை உள்ள விட்டுருவோம். உள்ள போய் விரியும். ரத்தமே அதை உள்ளேருந்து சுவரோட வச்சு அமுக்கிடும். ரத்தம் வெளியே வராது. அதைச் சுத்தி நிதானமா தைச்சுக்கலாம். க்ளாம்ப் வேண்டாம், நெரிக்க வேண்டாம்."

"உள்ளேருந்து வர்ற அழுத்தமே மூடிக்கும்னா, குக்கர் காஸ்கெட் மாதிரியா டாக்டர்?" என்றேன். கசியாத காஸ்கெட் மாதிரி என்றுதான் சொல்ல நினைத்தேன்.

"அதேதாம்மா" என்றார். முதல்முறையாகச் சிரித்தார்.

இவர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். "தைச்சு முடிச்சப்புறம் குடை உள்ளேயே இருக்குமா? என் நெஞ்சுக்குள்ள நான் என்னைக்கும் குடையோடவா திரியணும்?"

"இல்ல சார். கடைசித் தையலை இறுக்கறதுக்கு முன்னாடி, வெளியே தொங்குற அதோட வாலைப் பிடிச்சு இழுத்தா, குடை பிரிஞ்சு ஒரே நாடாவா உருவிக்கிட்டு வெளியே வந்துடும்."

இவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. "க்ளாம்ப்னா கவ்வுறது. இது கவ்வாம மூடுது. டாக்டர், இதுக்கு நான் பேர் வச்சுட்டேன். கவ்வாக் குடை!" டாக்டர் அந்தப் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்காகவே சொல்கிறவர் மாதிரி சொன்னார்: "ஆபத்து குறையும்மா. இல்லவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். சுண்ணாம்பு இல்லாத இடமாப் பாத்துத்தான் ஓட்டை போடணும். நெஞ்சைத் திறந்து, குழாய் மேலயே ஸ்கேன் வச்சுத் தேடுவோம்."

திரும்பும்போது இவர் ஆட்டோவை அரிசிக்கடை வாசலில் நிறுத்தச் சொன்னார். இவர் கேட்டதற்காகக் கடைக்காரர் ஒரு அரிசிச் சிப்பத்தின் வாயில் சரியான நூலைப் பிடித்து இழுக்க, தையல் முழுக்க சர்ரென்று உருவிக்கொண்டு வந்தது. "பாத்தியா கயலு, இதேதான். இதேதான் நெஞ்சுக்குள்ள நடக்கப் போகுது" என்றார். கடையில் நின்றவர்களுக்கெல்லாம் ஒரு விளக்கவுரை நடந்தது. சிப்பத்தைப் பிரித்துவிட்டோமே என்று நான்தான் அரிசி வாங்கிக்கொண்டு வந்தேன்.

பூங்கொடி வந்துவிட்டாள். வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, "பயமா இருக்காம்மா?" என்றாள். எனக்கென்ன பயம்? இவரிடம் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

மார்ச் 10, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. சென்னையிலிருந்து கவ்வாக் குடை வந்து சேர வேண்டும், வந்ததும் வியாழக்கிழமை ஆபரேஷன்.

அதற்குள் இவர் வார்டையே பட்டிமன்றமாக்கிவிட்டார். 'நோயாளியைச் சீக்கிரம் குணப்படுத்துவது மருந்தா, பார்க்க வருகிறவர்களா?' எதிர்க் கட்டில்காரர் மருந்து அணி. பக்கத்துக் கட்டிலில் ஒரு மாதம் முன்பு ஆபரேஷன் ஆகி, செக்கப்புக்குச் சேர்ந்திருக்கும் ஒருவர், சிரித்தால் தையல் இழுக்கிறது என்று நெஞ்சில் தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டே சிரித்தார். சிஸ்டர் பெனிட்டா வந்து, "சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க. ஸ்கேன் ரூம் வரைக்கும் கேக்கு" என்றார். நாகர்கோவில் பெண்.

நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் இவர் குரலைத் தணித்தார். அது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்காது, அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

குடை வந்துவிட்டது. நாளைக் காலையில் ஆபரேஷன்.

சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் வந்தார். தொண்டைக்குள் குழாய் விட்டிருப்போம், எடுத்த பிறகு தொண்டை புண்ணாக இருக்கும், உடனே நிறையப் பேசக் கூடாது என்றார். இவர் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியாதா?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு மேசை மணி இருக்கிறது. தலையில் தட்டினால் 'டிங்' என்கிற ஜாதி. பட்டிமன்ற நடுவர் ஒருவர் கொடுத்தது. 'என் மணிக்கு நீர் ஒருநாளும் கட்டுப்பட்டதில்லை, வீட்டு மணிக்காவது கட்டுப்படும்' என்று சொல்லிக் கொடுத்தாராம். சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு நான் அதைத் தட்டினால் மட்டும் எந்தப் பேச்சையும் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவார். அந்த ஞாபகத்தில்தான் சொன்னேன்.

"என்னங்க, கண்ணு முழிச்சதும் ஆரம்பிச்சிராதீங்க. தொண்டை கிழிஞ்சிரும்."

"ரெண்டே ரெண்டு வார்த்தை?"

"ஒரு வார்த்தை கூடாது. நான் உள்ள வந்து மணி அடிக்கிற வரைக்கும் வாயே தொறக்கக் கூடாது."

"மணி அடிச்சா நிறுத்தணும்ங்கிறதுதானே சட்டம்? நீ அடிச்சா ஆரம்பிக்கணும்ங்கிற. தலைகீழா இருக்கே?"

"நேரா வச்சு எந்த மணிக்கு நிறுத்தியிருக்கீங்க? தலைகீழா வச்சாவது பாப்போம்."

பூங்கொடி சிரித்துவிட்டாள். இவர் என் உள்ளங்கையில் ஓங்கி அடித்து, "சத்தியம். நீ மணி அடிச்சாத்தான் வாய் தொறப்பேன்" என்றார். கை கொஞ்சம் சில்லென்று இருந்தது. ஏசியைக் குறைக்கச் சொன்னேன்.

ஆக, எனக்கு ஒரு நாளாவது காது ஓயும்.

மார்ச் 13, வியாழன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம், "தம்பி, வண்டி கொஞ்சம் இடப்பக்கம் இழுக்குதே, பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார். கதவு மூடியதும் பேச்சு பாதியில் அறுந்தது.

காத்திருக்கும் இடத்தில் நாற்காலி சுகமில்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பாத்திரக்கடை இருந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் காஸ்கெட் வாங்கிவிடலாம் என்று போய் வந்தேன். பூங்கொடி, "என்னம்மா கையில வளையல் மாதிரி போட்டிருக்க?" என்று கேட்ட பிறகுதான் அதை மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அளவும் தப்பு. நம்முடையது அஞ்சு லிட்டர்.

பூங்கொடி லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கிறாள். ஒரு எழுத்தும் தட்டவில்லை.

மதியம் தாண்டித்தான் டாக்டர் ஷாநவாஸ் வெளியே வந்தார். தலையில் தொப்பி, நெற்றியில் அது அழுத்திய கோடு. "கவ்வாக் குடை வேலை செஞ்சிருச்சும்மா" என்றார். அந்தப் பெயரைச் சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்தது. சுண்ணாம்பு இல்லாத இடம் கிடைத்ததாம். முதலில் போட்ட குடை சரியாக உட்காராமல் கசிந்ததாம். அதை எடுத்துவிட்டு இன்னொன்றை விரித்திருக்கிறார்கள், அது கச்சிதமாகப் பிடித்துக்கொண்டதாம். க்ளாம்ப் போடவே இல்லை.

"நல்லாயிட்டாரா டாக்டர்?"

"இதயம் நல்லா ஓடுது. மத்ததெல்லாம் முழிச்ச பிறகுதாம்மா. கை கால் அசைக்கணும், பேசணும். பாத்துட்டுச் சொல்றேன்."

முதல் குடை கசிந்தது என்றாரே, அப்போது ஏதாவது துணுக்கு பெயர்ந்திருக்குமா? கேட்க நினைத்தேன். அதற்குள் போய்விட்டார்.

மார்ச் 14, வெள்ளி

இதை வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு இவர் வேறு மாதிரிச் சொல்லிவிடுவார்.

காலையில் சிஸ்டர் பெனிட்டா வெளியே வந்து என்னைத் தேடினார். முகம் சரியாக இல்லை.

"அம்மா, டியூப் எடுத்து ரொம்ப நேரமாச்சு. கையைத் தூக்கச் சொன்னா தூக்குகாரு. காலை ஆட்டச் சொன்னா ஆட்டுகாரு. பேச மட்டும் மாட்டேங்காரு. பேரு கேட்டோம், ஊரு கேட்டோம். வாயைத் திறக்கவே இல்ல."

"யாரு, எங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டேன். ஆள் மாறியிருக்கும் என்று ஒரு நொடி நிஜமாகவே நம்பினேன்.

டாக்டர் ஷாநவாஸ் உள்வாசலில் நின்றார். அந்த ஒல்லிக் குரல் இன்னும் இறங்கியிருந்தது. "பேச்சை மட்டும் தாக்குற மாதிரியும் வரலாம்மா. மூளை ஸ்கேனுக்குச் சொல்லியிருக்கேன். கொண்டுபோறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்க. தெரிஞ்ச முகத்துக்குப் பேச்சு வரலாம்."

காலுறை மாதிரி ஒன்றைச் செருப்புக்கு மேல் மாட்டிவிட்டார்கள். நடந்தது நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் கொஞ்சம் பேசாமல் இருக்க மாட்டாரா என்று கேட்டவள் நான். சாமி கும்பிடும்போதுகூடக் கேட்டிருக்கிறேன், விளையாட்டாக. கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள் என்று நடந்துகொண்டே சொன்னேன். சத்தமாகவே சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, சிஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மூக்கில் ஆக்ஸிஜன், நெஞ்சில் பெரிய பிளாஸ்திரி, கையெல்லாம் குழாய். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அது அகலமானது.

"என்னங்க, ஏதாவது சொல்லுங்க."

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"என் பேரு மட்டும் சொல்லுங்க."

மறுபடியும் இல்லை. அப்போது அவருடைய வலது கை மெத்தையிலிருந்து கொஞ்சம் எழும்பியது. ஆள்காட்டி விரல் கீழே தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது.

"டாக்டர், விரல் துடிக்கு" என்றார் சிஸ்டர். "ஃபிட்ஸ் வருதோ?"

டாக்டர் குனிந்து விரலைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். ஒரு தட்டு, என்னை ஒரு பார்வை. ஒரு தட்டு, என்னை ஒரு பார்வை. எதிரணிக்காரர் பேசி முடிப்பதற்காக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும்போது இவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அது நோயாளி முகமே இல்லை. இன்னும் எவ்வளவு நேரம்தான் என்னை உட்கார வைப்பீர்கள் என்கிற முகம்.

ஐயோ, மணி!

"டிங்" என்றேன். சத்தமே வரவில்லை. கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டு இன்னொரு தரம், "டிங்!"

"மணி அடிக்க... இவ்வளவு நேரமா, கயலு?" என்றார்.

தகரத்தில் மணலைத் தேய்த்த மாதிரி இருந்தது அந்தக் குரல். ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை. ஒரு ழகரம் சொல்லச் சொல்லிச் சோதிக்க வேண்டியதே இல்லை.

நான் அழுதேன். அழுகிற மாதிரி வந்தது, துடைத்துக்கொண்டேன் என்றெல்லாம் எழுதத் தேவையில்லை, வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே திட்டவும் செய்தேன். "உங்களுக்கு அறிவிருக்கா? விளையாட்டுக்குச் சொன்னதைப் போயி... மூளைக்கு ஸ்கேன் எடுக்க ஆளெல்லாம் வந்தாச்சு!"

"சத்தியம் பண்ணிருந்தேன்ல" என்றார் அவர், இழுத்து இழுத்து. "முதல்... முதல் தடவையா மணிக்குக் கட்டுப்பட்டேன். அதுக்கும் வையிற."

டாக்டர் ஷாநவாஸ் பக்கத்திலிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சார், உங்க பேரு?"

"பரஞ்சோதி. ஊரு மதுரை. நீங்க டாக்டர் ஷாநவாஸ். உங்க குடை... கவ்வலை" என்றார். ஸ்கேன் வேண்டாம் என்று டாக்டர் ஃபோனில் சொன்னார். இன்றைக்குத்தான் அந்த ஒல்லிக் குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

சிஸ்டர் பெனிட்டா இவருடைய உதட்டில் ஸ்பூனால் தண்ணீர் நனைத்துவிட்டு, கட்டிலுக்கு மேலே சுவரைக் காட்டினார். என் நூலகத்தில் இருப்பது போலவே ஒரு பலகை, அதே நீல எழுத்து: அமைதி காக்கவும். "போதும் சார். இங்க பேசக் கூடாது."

என் பணிக்காலம் முழுக்க அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன்.

"விடுங்க சிஸ்டர்" என்றேன். "பேசட்டும்."

மார்ச் 23, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்தோம். வாசலிலேயே கீழ்வீட்டுக்காரரிடம் குடை, நூல், சத்தியம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் படியேறினார். கதையில் டாக்டருக்கு மயக்கமே வந்துவிடுகிறது. அஞ்சு லிட்டருக்கு காஸ்கெட் மாற்றியாயிற்று, பருப்பு வெந்தது.

ஃப்ரிட்ஜ் மேல் இருந்த மணியைக் காணோம் என்று காலையிலிருந்து தேடுகிறார். எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று இதில் எழுத மாட்டேன், எடுத்துப் படித்துவிடுவார். சாப்பாட்டுக்கு இனிமேல் பேர் சொல்லியே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். புருஷன் பேரைச் சொல்வதா என்று பூங்கொடி சிரிக்கிறாள். சொல்லிப் பார்த்தேன். "பரஞ்சோதி, சாப்பிட வாங்க." அவர் ஒரு வினாடி பேச்சு வராமல் நின்றார். நான் பயப்படவில்லை, அடுத்த வினாடியே ஆரம்பித்துவிட்டார்.